தண்ணீர் விலகிய வேப்பங்காடு

செங்கோடனுக்கு முதலில் அநியாயம் செய்தவர் பொங்கியண்ணன். அணை வந்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை யாராவது மாற்றிச் சொன்னால் செங்கோடன் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவார். ஊரை முழுங்கியது தண்ணீர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். தன் வேப்பங்காட்டில் மூன்று முழத்தைத் தண்ணீருக்கு முன்பே முழுங்கியவர் ஒருத்தர் உண்டு, அவர் தன் சொந்தப் பங்காளி, பெரியப்பா மகன் பொங்கியண்ணன் என்று இவர் சொல்வார்.

நல்ல மழை பெய்து மண் இளகிக் கிடந்த ஒரு வருசத்தில், கிழக்கே இருந்த எல்லைக்கல்லைப் பொங்கியண்ணன் பிடுங்கி, மூன்று முழம் உள்ளே தள்ளி, செங்கோடனின் நிலத்தில் நட்டுவிட்டார். மாரப்பட்டியில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எல்லைத் தகராறு வந்தால், குற்றம் சொல்லப்பட்டவர் தலை முழுகி, ஈர வேட்டியோடு, அந்த நிலத்து மண்ணில் ஒரு கட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, உண்மையான எல்லை எதுவோ அதன் மேல் நடக்க வேண்டும். நடந்து, மூலையில் இருக்கிற வேம்படிக்கு வந்து, 'இதுதான் எல்லை, இது பொய்யானால் இந்த மண் என் வாய்க்கு' என்று சொல்ல வேண்டும். மண் சுமக்கிறது என்று அதற்குப் பெயர். தலையில் மண்ணை வைத்துக்கொண்டு பொய்யாக நடந்தவர் என்று மாரப்பட்டியில் யாரும் இருந்ததில்லை, நடக்காமல் தட்டிக்கழித்தவர்கள்தான் இருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் தை அமாவாசைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள், மார்கழியிலேயே, கொக்குப்பாறை அணையின் மதகுகளை இறக்கித் தண்ணீரைத் தேக்கிவிட்டார்கள்.

இரண்டு மலைகளுக்கு நடுவே கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய அணை அது. தண்ணீர் வெள்ளம் போலப் பாய்ந்து வரவில்லை. விசேஷத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்ட சொந்தக்காரர் போல முதலில் வாசலில் நின்றது, பிறகு அடுப்படிக்குள் வந்தது, பிறகு பரண் மேல் ஏறி உட்கார்ந்தது, அப்புறம் போகவே இல்லை. சனங்கள் கதவையும் நிலையையும் பெயர்த்துக்கொண்டு, சாமியைத் துணியில் சுற்றிக்கொண்டு, மேட்டில் அரசாங்கம் காட்டிய இடத்துக்குப் போய் அதற்குப் புது மாரப்பட்டி என்று பெயர் வைத்தார்கள். கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது புளியமரத்து உச்சியில் எறும்பும் பாம்பும் எலியும் ஒன்றையொன்று கடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அந்தக் காட்சியைப் பார்த்த செங்கோடன், பாம்புக்கும் எலிக்கும் தீர்ந்துபோனது எனக்கும் அந்தாளுக்கும் தீரவில்லையே என்று நினைத்தார். அன்றைக்கு முதல் அவர் பொங்கியண்ணனை அண்ணா என்று கூப்பிடவில்லை. எதிரே வந்தாலும் பேச மாட்டார். சொல்ல வேண்டியது இருந்தால் நடுவில் ஒரு ஆளையோ, ஆள் இல்லாவிட்டால் ஒரு ஆட்டையோ பார்த்துச் சொல்வார்.

அணை நல்ல அணைதான். அதை அவரும் மறுத்ததில்லை. கீழ் நாட்டில் அவர் பார்த்தே இராத ஊர்களிலெல்லாம் நெல் விளைந்தது. கூழைக்கடாக்கள் எங்கிருந்தோ கூட்டமாகப் பறந்து வந்து குட்டைக் கருவேல மரங்களில் குடியேறின. நீர்க்காகங்கள் இறகை விரித்துத் துணி காயப்போட்டது போலப் பாறைகளில் நின்றன. அணைக்குக் கீழே பூங்கா வந்தது, பூங்காவில் சிமெண்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்தது, அதன் கழுத்தில் சறுக்கிப் பிள்ளைகள் விளையாடின. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வேனாகச் சனங்கள் வந்து, மிளகாய்ப்பொடி பூசிய கட்லா மீனை வறுக்கச் சொல்லி, எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்று, பரிசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார்கள். தாங்கள் எதன் மேல் சுற்றுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த செங்கோடன் தினமும் காலையில் கரைக்குப் போய் முகம் கழுவிவிட்டு, அந்தத் தண்ணீரையே பார்த்து ஒரு பாட்டம் திட்டுவார். என் காட்டைக் குடு, அந்தாளு மண் சுமக்காம நீ எப்புடி மூடலாம், ரண்டு நாள் பொறுத்தா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு என்று திட்டுவார். ஊரில் அதைக் காலை பஸ்ஸின் ஆரன் போல எடுத்துக்கொண்டார்கள். அவர் திட்டி முடித்தால் பால் கறக்க நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

இப்படி வருசங்கள் போய், இரண்டு பேருக்கும் தலை வெளுத்து, பொங்கியண்ணனுக்கு முட்டி தேய்ந்து, அணை விளிம்பு வரைக்கும் நிறைந்து நின்ற ஒரு ஆடி மாதத்தில், பரிசல் ஓட்டுகிற மாதம்மாள் பாதித் தண்ணீரிலிருந்து திரும்பி வந்து, துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஏனுங் பெரியப்பா, தண்ணி உங்க காட்டுக்கு வழி வுட்டிருக்குதுங்க. போய்ப் பாக்கறீங்களா, இல்லே திட்டி முடிச்சுட்டு வர்றீங்களா?"

செங்கோடன் பரிசலில் ஏறினார். நடு நீர்த்தேக்கத்தில், சுற்றிலும் தண்ணீர் தளும்ப, ஒரு நிலத்தின் அளவுக்குத் தண்ணீர் விலகியிருந்தது. நான்கு பக்கமும் தண்ணீரே சுவராக நின்றது. கீழே, ஒரு தென்னை உயர ஆழத்தில், ஈரமான கறுத்த வண்டல் மண்ணோடு அவருடைய வேப்பங்காடு கிடந்தது. தென்கிழக்கு மூலையில் ஊரைக் காலி செய்தபோது வெட்டிய வேப்பமரத்தின் அடிக்கட்டை இருந்தது. எல்லைக்கல்லும் பொங்கியண்ணன் நட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் கிழக்குச் சுவர் கல்லோடு நிற்கவில்லை. கல்லைத் தாண்டி மூன்று முழம் தள்ளித்தான் நின்றது.

செங்கோடன் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "மூணு முழத்தையும் சேத்தியே குடுத்திருக்குது பாத்தியா" என்றார்.

"பாத்தனுங்க. வாங்குன திட்டுக்குக் கூலி போட்டுக் குடுத்திருக்குது."

வீட்டில் அவர் மனைவி பாவாயி கேட்டுவிட்டு, "இந்த வாய்க்குத் தண்ணியே வெக்கப்பட்டு ஒதுங்கிப் போச்சு. நானுந்தான் இத்தன வருசமா ஒதுங்க எடமில்லாமக் கெடக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அரிசியைக் களைந்து உலை வைத்தாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் இரண்டு நாள் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். மூன்றாவது நாள் ஒரு யோசனைக்கு வந்தார்கள். செங்கோடன் திட்டினார், செங்கோடனுக்குக் கிடைத்தது. அப்படியானால் நாம் திட்டாததுதான் தப்பு. அடுத்த நாள் காலையில் புது மாரப்பட்டி மொத்தமும் கரையில் வரிசையாக நின்று, அவரவர் வீட்டுக்கும் கிணற்றுக்கும் களத்துக்குமாகத் தண்ணீரைத் திட்டியது. பழக்கமில்லாதவர்கள் திணறினார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், "நீரே, நீர் செய்தது முறையல்ல" என்று தொடங்க, பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்துத் திட்டை மறந்துவிட்டார்கள். ஒரு கிழவர் தண்ணீரைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு தன் மருமகனின் குலத்தை முழுக்கத் திட்டி முடித்தார். தண்ணீர் அசையவில்லை. மீன்கள்தான் சத்தத்துக்குப் பயந்து ஆழத்துக்குப் போய்விட்டன. மீன் பிடிக்கிறவர்கள் வலை காலியாக வருகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு பயம் பிடித்தது. திட்டியது தப்பாகிவிட்டதோ, இருக்கிற தண்ணீரும் கோபித்துக்கொண்டு போய்விடுமோ என்று, வெள்ளிக்கிழமை அதே கரையில் பொங்கல் வைத்து, திட்டிய வரிசையிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. மீன்கள் மட்டும் திரும்பி வந்தன.

அணையைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர் எஸ்தர் என்று ஒரு பெண், நாகர்கோவில் பக்கத்துக்காரி. அவள் வந்து, விலகிய இடத்தைச் சுற்றி வந்து, தண்ணீர்ச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, நீர்பிடிப்புப் பகுதியில பயிர் வைக்கக் கூடாது. அதுதான் சட்டம்."

"தெரியுமுங்க அம்மணி."

"ஆனா தண்ணி பிடிக்காத இடத்த நீர்பிடிப்புன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்று சிரித்தாள். "சாரம் கட்டித் தர்றேன், ஏணி போட்டுத் தர்றேன். ஒண்ணே ஒண்ணு. சுவரு வேர்த்துதுன்னா கேள்வி கேக்காம எல்லாரும் மேல வந்துரணும்."

அவள் சொன்னபடி மூங்கில் சாரம் கட்டினார்கள், மோட்டார் படகுகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று மிதவை கட்டினார்கள். செங்கோடன் யாருக்கும் நன்றி சொல்லிப் பழகாதவர். அந்த வார்த்தை அவர் வாயில் வேகாத பருப்பு போல உருண்டது. இருந்தாலும் எஸ்தரிடம் போய் நின்று, "நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே திரும்பி நடந்தார்.

கேழ்வரகு விதைத்தார். உழவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருசமாக ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல், பிசைந்த மாவு போலக் கிடந்தது. தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்றால் சுவரில் ஒரு விரலை விட்டு எடுப்பார், பசுவின் காம்பிலிருந்து வருவது போல ஒரு தாரை பீச்சும், போதுமென்றால் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், நின்றுவிடும். உச்சி வெயிலில் நான்கு சுவர் வழியாகவும் பச்சை வெளிச்சம் வந்து மண்ணில் நெளியும். அவர் களை எடுக்கிறபோது கட்லாவும் கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையும் சுவருக்கு அந்தப்பக்கம் கூட்டம் கூட்டமாக வந்து நின்று வாயைத் திறந்து திறந்து பார்க்கும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று தினமும் மத்தியானம் வந்து, குட்டிகளை முன்னால் விட்டுக் காட்டிவிட்டுப் போகும். மேலே பரிசலில் வேடிக்கை பார்க்க வந்த நகரத்துச் சனங்கள், பக்கவாட்டில் வேடிக்கை பார்க்க வந்த மீன்கள், நடுவே களைக்கொத்தோடு செங்கோடன். "எட்டிப் பாக்காதீங்க, செல்போன் வுழுந்தா எங்க பெரியப்பன் அதையும் நட்டு வெச்சுருவாரு" என்று மாதம்மாள் மேலிருந்து சத்தம் போடுவாள்.

எல்லாம் கிடைத்தது, ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பயிர் முளைத்த அன்றைக்கே செங்கோடன் மாதம்மாளை அனுப்பினார். நிலம் வந்துவிட்டது, வேம்படி இருக்கிறது, மண் இருக்கிறது, இனி என்ன தடை, வந்து சுமக்கச் சொல் என்று.

பொங்கியண்ணன் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "கல்லு நட்ட எடத்துலதான இருக்குது?" என்றார்.

"கல்லு இருக்குதுங்க. தண்ணி மூணு முழம் தள்ளி நிக்குதுங்களே."

"பத்திரத்தப் பத்தித் தண்ணிக்கு என்னத்த தெரியும்?"

இதைக் கேட்டு செங்கோடன் ஆத்திரப்படவில்லை. எதிர்பார்த்ததுதான். ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. கேழ்வரகு கதிர் பிடித்ததும் சிட்டும் தினைக்குருவியும் மேலிருந்து கல் விழுவது போல உள்ளே விழுந்து கொத்த ஆரம்பித்தன. ஒரு நாள் காலை மேலே தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால், ஒரு பரிசலில் குடையைக் கட்டிக்கொண்டு, பழைய எண்ணெய் டின்னும் குச்சியுமாக பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. வெயில் ஏறி இறங்குகிறவரைக்கும் தட்டினார். மறுநாளும் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு படி இறங்கவில்லை. கதிர் முற்றுகிறவரைக்கும் அந்த டின் சத்தம் ஓயவில்லை.

"என்னுங் பெரியப்பா, அவுரு பண்றது உங்களுக்குக் கண்ணுல படலீங்களா?" என்று மாதம்மாள் கேட்டாள்.

செங்கோடன் பக்கத்துச் சுவரில் வாயைத் திறந்துகொண்டு நின்ற ஒரு கட்லாவைப் பார்த்துச் சொன்னார். "பட்டுது. நல்ல காரியந்தான். குருவி ஓட்டுனதுக்கு நான் கடமைப்பட்டிருக்கறேன்னு சொல்லு. ஆனா குருவி ஓட்டறது வேற, மண் சுமக்கறது வேற. ஒண்ணெ வெச்சு ஒண்ணெக் கழிக்க முடியாது."

"மீனுகிட்ட ஏனுங்க சொல்றீங்க, மேலதான உக்காந்திருக்காரு. காது நல்லாக் கேக்கும்."

மேலே டின் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கியது.

அறுவடைக்கு ஊரே வந்தது. ஏணிகளில் இறங்கினார்கள், தங்கள் பழைய ஊரின் மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். இளையவர்களுக்கு அது வெறும் மண். வயதானவர்கள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அரிவாளை எடுத்தார்கள். அறுத்த கதிர்களைக் கூடை கூடையாகக் கயிற்றில் மேலே இழுத்தார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரு கூடை என்று செங்கோடன் முன்பே சொல்லியிருந்தார். பழைய வீடு திரும்பக் கிடைக்காதவர்களுக்கு அந்த ஊர் மண்ணில் ஒரு வேளைக் களியாவது கிடைக்கட்டும் என்று பாவாயி சொன்னதை, தானே யோசித்தது போலச் சொல்லியிருந்தார். கடைசிக் கூடை மேலே போனபோது அவர் நிமிர்ந்து நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்தார். வேகாத பருப்பாக வாயில் உருண்டுகொண்டிருந்த அந்த நன்றி இப்போது வெந்திருந்தது.

அப்போது ஏணி கிறீச்சிட்டது. ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தேய்ந்த முட்டியைப் படிக்குப் படி நிறுத்தி நிறுத்தி, பொங்கியண்ணன் இறங்கிக்கொண்டிருந்தார். பரிசலிலிருந்து குதித்துத் தலை முழுகிவிட்டு வந்திருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் வடகிழக்கு மூலைக்குப் போனார். குனிய முடியவில்லை. அங்கிருந்த சாரத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, ஒரு மண்கட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்தபடி எழுந்தார். தெற்கே திரும்பி நடக்கத் தொடங்கினார்.

செங்கோடன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார். பாதம் கல்லின் பக்கம் வரவில்லை. தண்ணீர்ச் சுவரை ஒட்டி, தோள் அதில் உரச, மூன்று முழம் தள்ளியே போனது.

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஏதோ சொட்டுகிற சத்தமும் கேட்டது, பொங்கியண்ணனின் ஈர வேட்டி என்றுதான் செங்கோடன் முதலில் நினைத்தார். பிறகு பார்த்தால் கிழக்குச் சுவர் வேர்த்திருந்தது. கையளவு உயரத்தில் முத்து முத்தாக ஈரம் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடு கோடாக வழிந்தது. மீன்கள் எல்லாம் விலகிப் போய்விட்டன.

"மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க!" என்று எஸ்தர் சாரத்தின் மேலிருந்து கத்தினாள்.

சனம் ஏணிகளில் ஏறியது. தள்ளுமுள்ளு இல்லை, முன்பு ஒருமுறை இந்த ஊரை விட்டு ஏறியவர்கள்தானே. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பொங்கியண்ணன் நிற்கவில்லை. பாதி எல்லைதான் தாண்டியிருந்தார். வேம்படிக்கு இன்னும் அவ்வளவு தூரம் இருந்தது. தேய்ந்த முட்டி சேற்றில் புதைந்து புதைந்து எழுந்தது. செங்கோடன் அந்தத் தூரத்தைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், முழங்காலுக்கு ஏறுகிற தண்ணீரைப் பார்த்தார். வேம்படி போய்ச் சேரலாம். அந்த வார்த்தையைச் சொல்லியும் விடலாம். திரும்பி ஏணிக்கு வர முடியாது.

"அண்ணா," என்றார் செங்கோடன். "போதும். ஏறுங்க."

பொங்கியண்ணன் நின்றார். தலையிலிருந்த மண் கரைந்து நெற்றியில் வழிந்தது.

"இன்னும் வேம்படி வல்லியேடா."

"மறுக்காக் காடு வந்தாப் பாத்துக்கலாம், ஏறுங்கண்ணா. உங்களெ முங்க வுட்டுட்டு நான் ஆருகிட்டப் போய்க் கேக்கறது?"

முதுகில் கை கொடுத்துத் தள்ளி, இடுப்பில் தோள் கொடுத்துத் தூக்கி, படிப்படியாக ஏற்றினார். அவர்கள் மேலே வந்து பரிசலில் விழுந்தபோது தண்ணீர் நான்கு பக்கமிருந்தும் வந்து, சத்தமில்லாமல், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுவது போல வேப்பங்காட்டை மூடிக்கொண்டது. கூழைக்கடா ஒன்று வந்து அந்த இடத்தில் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல நீந்தியது.

பொங்கியண்ணன் மூச்சு வாங்கினார். நெற்றிச் சேற்றைத் துடைக்காமலே கேட்டார். "தம்பி, அந்தச் சொல்லெ இங்கயே சொல்லிப் போடட்டுமா?"

மாதம்மாள் துடுப்பை நிறுத்தினாள்.

"பரிசல்ல சொன்னாச் செல்லாதுங்கண்ணா," என்றார் செங்கோடன். "வேம்படியிலதான் சொல்லோணும்."

"அடேய், இந்த முட்டிய வெச்சுட்டு நான் அடுத்த தடவ வரைக்கும் இருப்பனாடா?"

"இருக்கோணும். கடனெ வெச்சுட்டுப் போக வுட மாட்டேன்."

அந்த வாரம் புது மாரப்பட்டியில் எல்லா அடுப்பிலும் ஒரே களி வெந்தது. பாவாயி பொங்கியண்ணன் வீட்டுக்கு இரண்டு கூடை கொடுத்தனுப்பினாள், குருவி ஓட்டியதற்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. தண்ணீர் மூடிய மறுநாள் காலையில் செங்கோடன் வழக்கம்போலக் கரைக்குப் போய் முகம் கழுவினார். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு தண்ணீரிடம் சொன்னார். நல்லது பண்ணினாய். மண் கொடுத்தாய், விளைச்சல் கொடுத்தாய், மூன்று முழம் எனக்குத்தான் என்று ஊருக்கே காட்டினாய், அந்தாளை எல்லை மேல் நடக்கவும் வைத்தாய், உனக்கு நான் கடமைப்பட்டவன். சொல்லி முடித்துக் கும்பிட்டார். அவர் திட்டாததால் ஊரில் அன்று பால் கறக்கத் தாமதமாகிவிட்டது.

திரும்பியபோது பின்னால் பொங்கியண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றிருந்தார். அவர் தண்ணீரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தடியை அதன் பக்கம் நீட்டி, பழக்கமில்லாத குரலில், "ஏ தண்ணி, பாதி எல்லையில மூடறயே, உனக்கு அறிவிருக்குதா? ஒரு நா பொறுத்தா கொறஞ்சா போவே? தொறந்து வுடு, நா இன்னும் வேம்படி போகோணும்" என்று திட்ட ஆரம்பித்தார்.

செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார். அவர் தடுக்கவில்லை. திட்டட்டும். நடக்க வேண்டியது அவர்தான்.